வெள்ளித் துகள்களும் மகளின் காய்ச்சலும்

இங்கே வெயில் வந்தால் ஜனங்கள் வெளியே ஓடுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் கோடையில் எங்கள் ஆய்வுக்கூடமே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் கிடந்ததைப் பார்த்து மலைத்து நின்றேன். ஆரணியில் அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம்.

என் வேலையும் சூட்டோடுதான். கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளியை ஆவியாக்கிப் படியவைத்தால், கண்ணுக்குத் தெரியாத தட்டைத் துகள்களாக ஒட்டிக்கொள்ளும். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊதாவாகத் தெரியும். உலையில் சூடு ஏற ஏறத் துகள்கள் உருண்டு திரளும், ஊதா மஞ்சளாகும். ஒருமுறை உருண்டது மறுபடி தட்டையாகாது. எந்தச் சூட்டில் எந்த நிறம் என்று அளப்பது எனக்கு இட்ட பணி.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், தகடு உலையில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. ஆரணியில் இருந்த என் மனைவி வசந்தா, அவள் அண்ணன் வேலை பார்க்கும் ரைஸ் மில்லிலிருந்து டிரங்க் கால் போட்டிருந்தாள்.

"அம்முவுக்கு மூணு நாளா காய்ச்சல்ங்க. கழுத்து வெறச்சிகினு கீது. வேலூருக்கு இட்டுகினு போவச் சொல்றாங்க. இன்னா பண்றதுங்க?"

"ஜல்தி கெளம்பு வசந்தா. நான்…"

நான் என்ன? அதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பி ஓடினேன். உலை அளவு தாண்டியிருந்தது, தகடு வெளிர்மஞ்சள். பக்கத்து மேசை ஹெல்கா என்ன ஆயிற்று என்று கேட்டாள். காய்ச்சலுக்கான ஜெர்மன் சொல் வாயில் வரவில்லை. "என் மகளுக்குச் சூடு" என்றேன்.

"இந்தியா அல்லவா!" என்று சிரித்தாள். "ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்லுங்கள்."

தலையாட்டினேன்.

அம்மு பிழைத்துக்கொண்டாள். மூளைக்காய்ச்சல் என்றும், கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை என்றும் மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நடுவில் கிளம்பினால் திரும்பி வர விசா கிடைக்காது என்றார்கள். வேறு தகடுகளைச் சூடாக்கி, நிறங்களை அளந்து, அந்த வருஷத்தைக் கழித்தேன்.

ஊருக்குப் போனபோது, கைக்குழந்தையாக நான் விட்டுவந்தவளுக்கு மூன்று வயது. தாயும் மகளும் விரல்களாலேயே பேசிக்கொண்டார்கள். ஜெர்மன் கற்றவனுக்கு என் வீட்டு மொழி புரியவில்லை. அம்மு என்னைப் பார்த்துவிட்டு வசந்தாவிடம் கையசைத்தாள்.

"இன்னா கேக்குறா?"

"யாரு வந்துகிறாங்கன்னு கேக்குறா."

"அப்பான்னு சொல்லு."

வசந்தா தயங்கினாள். பிறகு கையை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். அவர்களுக்குள், விமானத்தில் போன அப்பாவுக்கு அதுதான் சைகை. அம்முவின் முகம் மலர்ந்தது. என்னைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, அண்ணாந்து பார்த்துத் தேட ஆரம்பித்தாள்.