துளைத்த பிறகு வெடிக்கும் குண்டு

திருநின்றவூரில் லோக்கல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் இடது காதும் கழுத்தும் தீயில் சுருங்கியிருந்தன. லோக்கல் ரயிலின் கதவை யாரும் மூடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் எழுந்துபோய்க் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

என் மடியில் நான் எழுதிய போர் விளையாட்டின் விதிகள் இருந்தன. ஞாயிறுதோறும் நண்பர்களோடு மேஜைமேல் பொம்மை டாங்கிகளை வைத்து ஆடுவோம். இரண்டாம் உலகப் போரின் எந்த ஜெர்மன் குண்டு எவ்வளவு இரும்பைத் துளைக்கும் என்று சரித்திரப்படி சரியாகப் போட்டிருந்ததில் எனக்குப் பெருமை.

அவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், குண்டு தொளைச்சா ரெண்டு பாயின்ட்டுதான் கொறையுமா?"

"ஆமாம். டாங்கி தொடர்ந்து ஓடும்."

"அந்தக் குண்டுக்குள்ள மருந்து கீது சார். தொளைச்சிகினு உள்ள பூந்தப்புறம்தான் வெடிக்கும். உள்ள அஞ்சு பேரு குந்திகினு இருப்பாங்க. மேல மூடி தொறக்காது. அத்த எங்க எழுதிக்கீறீங்க?"

அப்போது பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகள் மோதிக்கொண்ட சத்தம் இடிபோல் கேட்டது. அவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "மூடி... மூடி..." என்று முணுமுணுத்தார். நானும் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

ஆவடி வந்ததும், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று இறங்கிப் போனார். எந்த டாங்கியில் இருந்தார் என்று கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு விதியைத் திருத்தினேன். துளைத்தால் டாங்கி தீர்ந்தது. பகடையில் ஆறு விழுந்து குண்டு ஒரு டாங்கியைத் துளைத்ததும் நண்பர்கள் கைதட்டினார்கள். அந்தப் பொம்மையை எடுத்துப் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை.