சகலை இழுத்த வயர்

வியாழக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவள் என் மனைவி சொர்ணம். "அத்தான் போயிட்டாவளாம்" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் சகலை பால்ராஜ் மாரடைப்பில் காலமானார் என்பதை நான் இப்படித்தான் அறிந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சொர்ணத்தின் அக்காள் கணவர். ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆலைச் செலவில் மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவர். நான் ராஜபாளையத்தில் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. அதை இந்த இடத்திலும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கினேன். முன்னறையில் நான், உள்ளறையில் எழுத்துகளைத் தட்டச் சொர்ணம். ஃபைல்களை ஃபிளாப்பியில் தூக்கிக்கொண்டு அலையாமலிருக்க, இரண்டையும் இணைக்க நானே வயர் இழுத்தேன். ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளவில்லை. விருந்துக்கு வந்த பால்ராஜ் வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"சகலை, இது கேபிள் டிவி வயருல்ல? இதுல படம் வேணா ஓடும், ஃபைல் ஓடாது."

"கம்ப்யூட்டர் வயரும் இதே மாதிரிதான். ரெண்டும் கருப்பு, ரெண்டும் உருண்டை. என்ன வித்தியாசம்?" என்றேன். இன்றும் அதையே கேட்பேன்.

வேறு வயர் வாங்கி வந்து இழுத்தார். என் டிசைன்கள் இருந்த ஃபோல்டரை இரு அறைக்கும் பொதுவாக்கினார். பொதுவானதற்கு அடையாளமாக, திரையில் அந்த ஃபோல்டர் படத்துக்கு அடியில் ஒரு கை முளைத்தது.

"என் சொத்துலயே கை வச்சிட்டீயளே!"

"கை வைக்கல சகலை, ஏந்திக்கிட்டு நிக்குது. கேட்டா குடுக்கும்."

உள்ளறையில் சொர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அதற்குப் பிறகு மெஷின் கொஞ்ச நேரம் மக்கர் செய்தாலும், "அத்தானக் கூப்பிடுங்க" என்பாள்.

மற்ற அறையிலிருந்து பார்க்க மட்டும் விடுங்கள், திருத்த விடாதீர்கள் என்று அன்றே சொன்னேன். "வீட்டுக்குள்ள எதுக்குச் சகலை பூட்டு?" என்று முழுதும் திறந்துவிட்டார். ஒரு முகூர்த்த மாதத்தில் நானும் சொர்ணமும் ஒரே பத்திரிகையை ஒரே நேரத்தில் திறந்திருந்தோம். அவள் சேமித்ததில் நான் வரைந்த பார்டர் முழுதும் அழிந்தது. விஷயம் கேட்டு வந்தவர், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "சகலை சொன்னதுதான் சரி. நாந்தான் கேக்கல" என்று சிரித்தார். வென்றவன் நான். "எம்புட்டுப் பெரிய மனசு!" என்ற பாராட்டு அவருக்குப் போனது. தோற்பதைக்கூட அவ்வளவு சுலபமாகச் செய்தாரே, அதன்மேல்தான் எனக்கு அடங்காத பொறாமை.

அஞ்சலிச் சுவரொட்டிக்கான வாசகத்தைச் சொர்ணம் அழுதுகொண்டே உள்ளறையில் தட்டினாள். முன்னறையில் திறந்து படித்தேன். "இணையற்ற எங்கள் பால்ராஜ்" என்றிருந்தது. முதல் சொல்லை எடுத்தேன்.

பின்னால் வந்து நின்றவள், "செத்தவிய மேலயுமா ஒங்களுக்குக் காந்தல்?" என்றாள்.

"இணையே இல்லன்னா, இத்தனை வருசம் அவருகூட மல்லுக்கு நின்ன நான் யாருட்டி?"

சுவரொட்டி அந்தச் சொல் இல்லாமலே அச்சுக்குப் போனது.

மடவார் வளாகத்துச் சுவர்களில் அடைமொழி இல்லாமல் சிரிக்கிறீர்கள், சகலை. போய் வாருங்கள். உங்களுக்கு இணையானவன் ஒருவன் ராஜபாளையத்தில் இருக்கிறான்.