பேட்டரி குடித்த நீர்

மார்ச் 4. ஆல்டர்னேட்டர் அருகே மெல்லிய வயர் ஒன்றை எலி கடித்திருந்தது. நானே முறுக்கி இணைத்துக் கறுப்பு டேப் சுற்றினேன். எஞ்சின் இயங்கியது.
மார்ச் 19. பேட்டரியில் நீர் குறைவு. ஊற்றினேன். மருத்துவமனை.
ஏப்ரல் 2. நீர் ஊற்றினேன். மருத்துவமனை.
ஏப்ரல் 9. நீர். மருத்துவமனை. முன்விளக்கு பல்பு ஒன்று எரிந்துபோயிற்று; மாற்றினேன்.
ஏப்ரல் 16. நீர். மருத்துவமனை.
ஏப்ரல் 30. நீர். மருத்துவமனை. இன்னொரு பல்பு.
மே 21. நீர். மருத்துவமனை. அவள் திரும்பவில்லை.
ஜூன் 6. பேட்டரி பக்கவாட்டில் வீங்கியிருந்தது. கார் கிளம்பவில்லை.

இவை என் கார்ப் பதிவேட்டின் வரிகள். ஒரு சொல்லும் மாற்றவில்லை. புகுமுக வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். திரும்பவில்லை என்று குறித்திருப்பது என் மனைவியை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ள, கோலா கெத்திலிலிருந்து சுங்கை பட்டாணிக்கு அவளை நான்தான் அழைத்துப் போய்வந்தேன்.

வழியில் ஒரு ரப்பர் ஆலை இருக்கிறது. ரப்பர் மரத்தில் கட்டிய கிண்ணத்திலேயே உறைந்துபோன கட்டிப்பாலை அங்கே மலையாகக் குவித்திருப்பார்கள். அது அழுகும் நாற்றம், கார்க் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். இந்தப் பக்கத்தில் வாழ்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எது நாறினாலும் ஆலை என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அவள், “என்னமோ நாறுதுங்க, அழுகின முட்டை மாதிரி” என்றபோது நானும் ஆலை என்றேன்.

“ஆலையைத் தாண்டி வந்துட்டோமேங்க.”

“காத்து இந்தப் பக்கம் வீசுது.”

மருந்து ஏறுகிறவர்களுக்கு மூக்கு மாறிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது. வெளிக்காற்று அவளுக்கு நல்லது என்று நினைத்து, எஞ்சின் மூடியை ஒட்டியிருக்கும் காற்றுத் துளையை எப்போதும் திறந்தே வைத்திருந்தேன். மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

ஏப்ரல் 16 அன்று, ஆலையின் வாசலைக் கடக்கும்போது மறுபடியும் சொன்னாள்.

“ஆலை ஒரு வாரமா மூடிக் கெடக்கு. கேட்டுல பூட்டுத் தொங்குது, பாருங்க. அப்புறம் எங்கேர்ந்துங்க நாறுது?”

நான் பார்க்கவில்லை. அவளுடைய அப்பா பாடாங் மேஹாவில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் தகப்பனும் பாட்டனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். மணமான நாளிலிருந்து இந்த வேறுபாட்டை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அன்று சொன்னேன்.

“நீர் தோட்டத்தில பிறந்தனீர். உமக்கு நாத்தம் புதுசே?”

அவள் பையின் விளிம்பை நேராக்கினாள். இடப்பக்கக் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கினாள். அதன்பின் நாற்றத்தைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. எனக்கும் அது நாறிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 6 அன்று, வீங்கிய பேட்டரியின் மேல் நான் குனிந்தபோது அதே நாற்றம் எழுந்தது. அளவுக்கு மீறி மின்னேற்றினால் பேட்டரியின் அமிலம் கொதித்து இந்த வாயுவை விடும், நீரும் வற்றும். இதை நான் வகுப்பில் சொன்னவன். எஞ்சியது ஒரே கேள்வி: கோளாறு எப்போது தொடங்கியது? அவள் போன பிறகு என்றால், அவள் முகர்ந்தது ஆலையை, அல்லது மருந்தை. நான் சொன்னது கொடுமை என்றாலும், அவள் சொன்னதும் தவறாக இருந்திருக்கும். அவ்வளவாவது எனக்கு வேண்டியிருந்தது.

அவளுடைய தம்பி பாடாங் மேஹாவில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே நான் ஒருமுறையும் போனதில்லை. அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். பிக்கப் வண்டியில் புது பேட்டரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான்.

எஞ்சின் மூடியைத் திறந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “மச்சான், இதோடயா ஓட்டுனீங்க?”

“இது இப்போ வந்த கோளாறாக இருக்கும். ரெகுலேட்டர் போயிருக்கும்.” மின்னேற்றும் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எந்த நாளிலும் பழுதாகலாம். அதனால்தான் அதைச் சொன்னேன்.

“பாத்துட்டு சொல்வோம்லா.”

பழையதைக் கழற்றிப் புது பேட்டரியை மாட்டினான். மீட்டரைப் பேட்டரியில் பொருத்தி என் பக்கம் திருப்பி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

“படிங்க, வாத்தியாரே.”

“பதினாறு புள்ளி ஒன்று வோல்ட்.”

“எவ்ளோ இருக்கணும்?”

“பதினாலரைக்கு மேலே போகக் கூடாது.”

“தெரிஞ்சுதான் இருக்கு.” மீட்டரின் ஒரு முனையை எடுத்து, ஆல்டர்னேட்டரின் பின்னால் செருகியிருந்த மெல்லிய வயரில் வைத்தான். “இப்ப?”

“பதினாலு புள்ளி இரண்டு.”

எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று, அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டருக்குத் தெரிவிக்கும் வயர் அது. இடையில் எங்கோ இணைப்பு கெட்டிருந்தால் குறைத்துத் தெரிவிக்கும். ஆல்டர்னேட்டரும் போதவில்லை என்று மேலும் மேலும் ஏற்றும். அவன் அந்த வயரை விரலால் தடவிக்கொண்டே வந்து நின்றான். அங்கே என் கறுப்பு டேப் இருந்தது.

“எந்த போமோ கட்டுன தாயத்து இது?” என்று சிரித்தான். மலாய்க்கார மந்திரவாதியைத்தான் சொன்னான். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

“நான்தான்.”

டேப்பைக் கத்தியால் கீறினான். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. தொட்டதும் இரண்டு இழைகள் உதிர்ந்தன. வேறொரு வயரை நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துச் செருகினான். மீட்டர் பதினாலரைக்குக் கீழே இறங்கி நின்றது.

“ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு. ரெகுலேட்டரும் நல்லாருக்கு. இதை எப்பக் கட்டுனீங்க?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பேட்டரியை நான் எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தேன் என்று காட்டுவதற்காகப் பதிவேட்டை முன்பே அவன் கையில் கொடுத்திருந்தேன். எண்ணெய் விரலை வரிகளின் மேல் ஓட்டிப் படித்தான்.

“மார்ச்சுல கட்டியிருக்கீங்க. அதுலேர்ந்து தண்ணி, தண்ணி, தண்ணி. ஒரு பேட்டரி இவ்ளோ குடிக்குமா, மச்சான்? பல்பு வேற எரிஞ்சிருக்கு.” விரல் ஏப்ரல் 16-இல் நின்றது. “அன்னிக்கு சாயங்காலம் அக்கா எனக்குப் போன் பண்ணுச்சு. காருக்குள்ள நாறுது தம்பி, பேட்டரியா இருக்குமோன்னுச்சு. கொண்டா அக்கான்னேன். வேணாம்டா, இனிமே நாறாதுன்னுடுச்சு.”

அவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். கண்டுபிடித்தும் இருக்கிறாள்.

“அக்கா அதுல சாவல, மச்சான். அதுக்குப் பயப்படாதீங்க.” பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினான். “மோந்துகிட்டே போய் வந்துச்சு, அவ்ளோதான்.”

பழைய பேட்டரியைத் தூக்கிப் பிக்கப்பில் வைத்தான். கை கழுவத் தண்ணீர் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வண்டியில் ஏறிய பிறகுதான் மறுபடி பேசினான்.

“இப்ப சும்மா சொருகி வச்சிருக்கேன். முறையா ஈயம் வச்சு ஒட்டணும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாங்க. வழி தெரியுமில்ல?”

தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

செய்யாமல் இருப்பவை:

வயரை ஈயம் வைத்து ஒட்டுதல்.
பாடாங் மேஹாவுக்கு வழி கேட்டுக்கொள்ளுதல்.
முப்பத்தொன்றாம் நாள் சடங்கை அவள் பக்கத்து உறவினருக்குச் சொல்லுதல்.
இடப்பக்கக் கண்ணாடியை ஏற்றுதல். நான்கு விரற்கடை.
ஏப்ரல் 16-இன் பதிவை முழுமையாக எழுதுதல்.