மழை வேறு ஊரில் பெய்த வருடம்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "அப்பத்தா, நீ பேசுற மாதிரியே எழுதட்டா?" என்று கேட்டாள். "புத்தகத்துல வர்ற மாதிரி எழுதுடி. ஆளுக பேசுறத மட்டும் அப்படியே போடு" என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் நான் வேறெங்காவது போய்விட்டால் இழுத்துக்கொண்டு வருவது அவள் பொறுப்பு.

சொல்ல வந்தது இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருடத்தைப் பற்றி. அந்த வருடம் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று என்னைக் கேட்டால் எல்லாம் சொல்வேன். டிவி பார்த்தல்ல, ஜீப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. விடியும்போது போடியில் ஜீப் கிளம்பும். காட்டு வேலைக்குப் போகிற பொம்பளைகள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காராத குறைதான். முன்சீட்டில் இருக்கிற பிள்ளை போனைப் பார்த்துச் சேதியை வாசிப்பாள். ஒரு வளைவில் சண்டை நடக்கும், அடுத்த வளைவில் ஏதாவது ஒரு நாட்டில் ராசா மாறுவார், அதற்கடுத்த வளைவில் கல்யாண வீட்டு ஆட்டம் ஒன்று காட்டுவாள். போடிமெட்டு ஏறி முடிப்பதற்குள் உலகம் முடிந்துவிடும். எனக்கு அந்த ஜீப் என்றால் உயிர். இடுப்பு வலிக்கும், இருந்தாலும் ஒரு நாள் விட மாட்டேன்.

மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு ஏலக்காடு இருக்கிறது. என் மகன் அரபு நாட்டில் லாரி ஓட்டுகிறான். காட்டைப் பார்ப்பது நானும் மருமகளும்தான். அவளுடைய அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். வருடா வருடம் "நீயும் வந்துரு" என்று கூப்பிடுவாள். "காடு இருக்குக்கா" என்று இவள் சொல்லிவிடுவாள். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. காடு போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் வெயில் மாசியிலேயே ஏறிவிட்டது. ஏலச்செடி நிழலில் வளர்கிற பிள்ளை. அதற்கு மேலே மரம் வேண்டும், கீழே ஈரம் வேண்டும். மரமே இலையைக் கொட்டிவிட்டது. பங்குனியில் தட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. தட்டை என்றால் செடியின் தண்டு. பச்சையாக நின்றது மஞ்சளாகும், பிறகு தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கும். ஓடையில் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் குடத்தில் எடுத்துச் செடிக்குச் செடி ஊற்றினோம். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மண் மறுபடி வெள்ளையாக இருக்கும்.

சித்திரை பிறந்த கையோடு மகன் போன் பண்ணினான். ஓட்டுப் போடுவதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. தெருவில் ஒரே மைக் சத்தம், காதில் ஒன்றும் விழவில்லை.

"ஆத்தா, வெளிய எறங்க முடியல. ஊருக்குள்ள வெள்ளம். காரெல்லாம் மெதக்குது."

"பாலவனத்துலயாடா?"

"ஆமாத்தா. இப்படி ஒரு மழைய யாரும் பாத்ததில்லையாம்."

"ஏன்டா அப்பு, நம்ம காயத்தானே அவுக காப்பியில போட்டுக் குடிக்கிறாக? அந்த மழையில கொஞ்சத்த இந்தப் பக்கம் தள்ளிவிடச் சொல்லுடா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மருமகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இங்க செடி கருகுது. நீங்க தண்ணிக்குள்ள நின்னு சிரிக்கிறீகளோ? சிரிங்க, நல்லாச் சிரிங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

ஓட்டுப் போட்டு முடிந்ததும் தட்டி கட்டிய ஃப்ளெக்ஸ் எல்லாம் சும்மா கிடந்தது. ஜீப் டிரைவர்தான் யோசனை சொன்னான். "அதக் கொண்டாந்து செடிக்கு மேல கட்டுங்க ஆத்தா. தலைவரு கும்புட்டுக்கிட்டே காவலுக்கு நிப்பாரு." ஜீப்பே சிரித்தது. "எந்தக் கட்சி நெழலு குளுமையா இருக்கும்ணே?" என்று ஒருத்தி கேட்டாள். "செயிச்சவுக இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்ல, அதனால தோத்தவுகளக் கட்டு" என்றாள் இன்னொருத்தி. எண்ணிக்கை இன்னும் நடக்கவே இல்லை, அதற்குள் இப்படி. நாங்களும் கம்பு ஊன்றி எல்லாக் கட்சியையும் வரிசையாகக் கட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போய்த் தூக்கிப் பார்த்தால், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடிக்கிறது. காற்றுப் போகாத துணி அது. வெயிலில் பாதி செத்திருந்த செடி அதற்குள் முழுசாக வெந்துவிட்டது. மருமகள் ஒரு தட்டையைப் பிடித்தாள். அது வேரோடு கையில் வந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஃப்ளெக்ஸை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டினேன்.

மறுநாள் அவளாகவே சீலையை எடுத்தாள். நூல் சீலையில் காற்றும் போகும், நிழலும் விழும். அவளுடைய பழசு, என் பழசு, ரேஷனில் பொங்கலுக்குக் கொடுத்தது எல்லாம் கட்டினோம். ஜீப்பில் கேட்டதும் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். "மதினி, இது எங்க மாமியா சீல. அடியில போறப்பப் பாத்துப் போங்க, சீலையும் ஏசுனாலும் ஏசும்" என்று ஒருத்தி கொடுத்தாள். காடு முழுக்கப் பொம்பளைகள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கடைசி வரிசைக்குத்தான் சீலை இல்லை. மருமகள் பெட்டியைத் திறந்து முகூர்த்தப் பட்டுச் சீலையை எடுத்துவந்துவிட்டாள்.

"அடி ஆத்தாடி, அத வைடி!"

"பொட்டிக்குள்ள கெடந்து யாருக்கு ஆகுது அத்தே? இதக் கட்டிப் பாக்குறதுக்கு அவரு இங்கயா இருக்காரு?"

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டினாள்.

மழை வைகாசியில் வந்தது. முதல் மழைக்கு நான் காட்டில் நின்று நனைந்தேன், இந்த வயதில் ஆடவும் செய்தேன், பேத்தி இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி. வெயில் போகப் பிழைத்தது கால்வாசி. அதுவும் சீலைக்குக் கீழே இருந்த வரிசைகள்தான்.

ஆனால் மழை நிற்கவில்லை. ஆடியில் வடக்கே கேரளத்தில் மலை இடிந்து ஊரே மண்ணுக்குள் போனது. அன்றைக்கு முன்சீட்டுப் பிள்ளை வாசிக்க ஆரம்பித்தாள், டிரைவர் "போதும் தாயி, வைய்யி" என்றான். எங்களைப் போலவே விடியக்காலம் தோட்டத்துக்குப் போகிறவர்கள்தானே அவர்களும். வளைவுக்கு வளைவு மேலே இருக்கிற பாறையைப் பார்த்துக்கொண்டே போனோம்.

அந்த ஈரத்தில் மிச்சச் செடிக்கு அழுகல் வந்தது. குஸ்தி போடுகிற நம் நாட்டுப் பிள்ளையைக் கொஞ்சூண்டு எடை கூடிப்போச்சென்று வெளிநாட்டில் ஒதுக்கிவைத்ததும் அப்போதுதான். ஜீப்பே கொதித்தது. "நம்ம எடை போடுறவன அங்கயும் வச்சிருக்காகளோ?" என்று ஒருத்தி கேட்டாள். காய் எடுத்து வந்து தராசில் வைக்கிற பொம்பளைகளுக்கு அந்த வலி தெரியாதா? எல்லாரும் ஏசினார்கள். மருமகள் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அழுதாள். குஸ்திப் பிள்ளைக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

காட்டில் நாலைந்து வரிசைதான் நின்றது. அதிலிருந்து தட்டை பிரித்து நட்டுவிட்டோம். ஆனால் காய் பார்க்க மூன்று வருடம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வது?

கார்த்திகைக் கடைசியில், நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தன் கட்டை நகர்த்துகிற செஸ் விளையாட்டில் உலகத்தையே ஜெயித்துவிட்டு உட்கார்ந்து அழுகிற படத்தை ஜீப்பில் காட்டினார்கள். "செயிச்சிட்டு ஏன் அழுகுறான்?" என்றேன். "தாங்க முடியாம அத்தே" என்றாள் மருமகள். அதே மூச்சில், "அக்கா வரச் சொல்லிருச்சு. கம்பெனியில தை வரைக்கும் எடத்த வச்சிருக்க மாட்டாகளாம்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என் முகம் அப்படி, எதற்கும் சிரிக்கும்.

பேத்திக்குப் பரீட்சை இருக்கிறது, அவள் என்னோடு இருக்கட்டும் என்று முடிவானது. கிளம்புகிற அன்று முகூர்த்தப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். வெயிலும் மழையும் தின்று சாயம் போயிருந்தது.

"இருக்கட்டும் அத்தே. மாசி பெறந்தா வெயில் வந்துரும். கடைசி வரிசைக்கு அதத்தானே கட்டணும்."

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டாள்.

கம்பெல்லாம் அவள் உயரத்துக்கு ஊன்றியது. எனக்குக் கை எட்டாது. முந்தாநாள் போனில் அவளிடம் அதைச் சொன்னேன்.

"ஏணி கீணி போட்டு ஏறிராதீக, விழுந்து தொலைப்பீக! மாசிக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?"

நாள் கிடக்கிறதுதான். இங்கே காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.