‘தான்’ ஒட்டும் இடம்

அந்த மலையூர்ப் பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்திருந்தது தற்காலிக வேலை. பிரசவ விடுப்பில் போனவர் ஜூன் மாதம் திரும்பி வந்துவிடுவார். அதன் பிறகு எனக்கு இருந்தவை இரண்டு வழிகள். வெளிநாட்டில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தால் போவது. கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக் டிப்ளமாவைப் பெட்டியில் வைத்துவிட்டு, பண்ணைக்காட்டில் அப்பாவின் தோட்டத்தில் காப்பிக்கொட்டை காயவைப்பது. உதவித்தொகையோடு இரண்டு இடங்கள் என்றும், நுழைவுத் தேர்வை ஒருவர் ஒரு தடவைதான் எழுதலாம் என்றும் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் படித்தேன். கணக்குப் பகுதி பயமில்லை. ‘இது நடந்தால் அது நடக்கும்; ஆகவே எது சரி?’ என்று கேட்கும் பகுதிதான் இழுத்தது. அதற்காக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன். ‘இஃப்’ வந்தால் ‘ஆல்’. ‘அன்லெஸ்’ வந்தால் ‘இல்லாவிட்டால்’. ‘ஒன்லி’ வந்தால் ‘தான்’. ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கி, அம்புக்குறி போட்டு, விடை எழுதுவேன். நான் இரவல் வாங்கிய பயிற்சிப் புத்தகத்தில் விடைப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். அதனால் சரிபார்க்க வழியில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பள்ளியிலேயே நடந்தது. மொத்தம் எட்டுப் பேர். ஏரியிலிருந்து மூடுபனி ஏறி ஜன்னலை அடைத்திருந்ததால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு இளைஞர். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பமாம். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு மப்ளர்.

“ஏங்க, இந்தக் குளிர்ல மூளை வேலை செய்யுங்களா?” என்றார்.

“செய்யும். விரல்தான் செய்யாது.”

“எனக்கு ரெண்டும் நின்னு ரொம்ப நேரமாச்சுங்க.”

கேள்விகள் ஒரு புத்தகத்தில் இருந்தன. விடைகளைத் தனித்தாளில் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக் காட்ட வேண்டும். இயந்திரம் படிக்குமாம். ஒரு கேள்விக்கு இரண்டு கட்டம் கறுத்திருந்தால் தவறு. ஒரு பகுதிக்கு மணி அடித்துவிட்டால் மறுபடி அந்தப் பகுதிக்குத் திரும்பக் கூடாது.

தர்க்கப் பகுதிக்கு நாற்பது நிமிடம், இருபத்தைந்து கேள்விகள். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். நாலாவது கேள்வி நினைவிருக்கிறது: ‘தி ரெட் லாம்ப் லைட்ஸ் அப் ஒன்லி இஃப் தி பெல் ரிங்ஸ்.’ மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறதா? ‘விளக்கு எரிந்தால்தான் மணி அடிக்கும்’ என்று எழுதி, எரிகிறது என்று கட்டத்தை நிரப்பினேன்.

இருபதை முடித்தபோது பழனிக்காரர் எழுந்து நின்றார்.

“டீச்சர், ஒரு நிமிசம் வெளிய போயிட்டு வெரசா வந்துர்றேங்க.”

கண்காணிப்பு டீச்சர் விதிகள் அச்சடித்த அட்டையைத் தூக்கிப் படித்தார். “கேண்டிடேட்ஸ் மே லீவ் தி ஹால் ஒன்லி இஃப் தே ஹாவ் சரண்டர்ட் தி புக்லெட். புரியுதா தம்பி? புக்லெட்டக் குடுத்தாத்தான் வெளிய போலாம்.”

“குடுத்துட்டுப் போனா திரும்ப வந்து எழுதலாங்களா?”

“அது இதுல போடல.”

“போடலன்னா எழுதலாம்னு அர்த்தமுங்களா?”

“போடலன்னா உக்காருங்கன்னு அர்த்தம்.”

யாரோ சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

என் பென்சில் நின்றுவிட்டது. டீச்சர் ‘தான்’ போட்டது புக்லெட் கொடுப்பதில். என் முறைப்படி அது வெளியே போவதில் போய் ஒட்டியிருக்கும்: ‘வெளியே போனால்தான் புக்லெட் கொடுக்கலாம்.’ தமிழில் ‘தான்’ தனக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்து ‘ஒன்லி’ பின்னால் வருவதைப் பிடிக்கும். நான் ‘ஒன்லி’யையும் ‘தான்’ மாதிரியே முன்னால் ஒட்டிப் படித்து, எல்லா அம்பையும் திருப்பிப் போட்டிருந்தேன். மணி அடித்தால்தான் விளக்கு எரியும். மணி அடித்தும் விளக்கு எரியாமல் இருக்கலாம். ஆகவே ‘சொல்ல முடியாது’ என்பதே விடை.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம் இருந்தது. ரஃப் பேப்பரில் எழுதினேன்: 4, 7, 8, 11, 13, 16, 19. ‘ஒன்லி இஃப்’ வந்த ஏழு கேள்விகளும் தப்பு. இன்னும் ஐந்து படிக்கவே இல்லை. புதிய கேள்வி ஒன்றுக்கு இரண்டு நிமிடம். திருத்தம் ஒன்றுக்கு ஒரு நிமிடம். திருத்துவது என்று முடிவு செய்தேன். என் ரப்பர் கெட்டியானது. அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும், லேசாகத் தேய்த்தால் கறை நிற்கும். நாலாவதை அழித்து, ஊதி, நிரப்பினேன். ஏழு. எட்டு. பதினாறை முடித்து, பத்தொன்பதைத் தேய்க்கும்போது தாள் நூல் நூலாகப் பிரிந்தது. கையை எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த நேரத்தில் இருபத்தொன்றாவது கேள்வியை மட்டும் படித்து நிரப்ப முடிந்தது. மற்ற நாலும் வெற்றுக் கட்டங்களாகவே கிடந்தன. மணி அடித்தது.

பிற்பகல் எல்லாம் முடிந்ததும் பஸ் நிற்கும் இடம்வரை பழனிக்காரரும் கூட வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“பயந்துட்டே வந்தேனுங்க. ஆனா அந்த ஒன்லி இஃப் எல்லாம் லேசு. விளக்கு எரிஞ்சாத்தான் மணி அடிக்கும். அப்ப மணி அடிக்குதுன்னா விளக்கு எரியுது. அப்படியே எல்லாத்துக்கும் போட்டுட்டேன். சரிதானுங்களே?”

விடைத்தாள்கள் உறைக்குள் போய் அரக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. இனிச் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கும் இரண்டு இடங்களும் நினைவுக்கு வந்தன.

“நானும் முதல்ல அப்படித்தான் போட்டேன்,” என்றேன்.

“அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கப்பலேறப் போறோம்னு சொல்லுங்க,” என்று சிரித்தபடி பஸ் படியில் ஏறினார். ‘முதல்ல’ என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழக் கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னேன்.

மே மாதம் எனக்குக் கடிதம் வந்தது, இடம் உண்டு என்று. கூடவே தேர்வானவர்களின் பட்டியலும் இருந்தது. இரண்டே வரி. என் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்த வரியைப் பார்த்தேன். பழனிக்காரர் பெயர் இல்லை.