மூன்று கல்லூரிக்கு ஒரு மார்லிஸ்

மார்லிஸ் டுவெய்ட் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே எங்கள் கல்லூரி, ஆற்றங்கரைக் கல்லூரி, மலைக் கல்லூரி என்று மூன்று. எதிலும் ஜெர்மன் படிக்க ஒரு வகுப்புக்கு ஆள் தேறாது. அதனால் மூன்றும் கூட்டுச் சேர்ந்து ஒரே வகுப்பாக்கி, ஒரே ஆசிரியையாக மார்லிஸை வைத்துக்கொண்டன. இன்று இங்கே நின்று நடத்துவாள். மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகள் திரையில் தெரிவார்கள். மறுநாள் வேறு ஊர். கழுத்தில் மூன்று அடையாள அட்டை. விடுமுறை ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு வாரம் என்பதால் அவளுக்கு விடுமுறையே கிடையாது. நான் வேதியியல்காரி, ஒரே கட்டிடத்தில் காலம் தள்ளுகிறவள். அவளைப் பார்த்தாலே எனக்குக் கால் வலிக்கும்.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மூன்று டீன்களும் வகுப்பில் வந்து உட்கார்ந்து, இந்தக் கூட்டு வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்வதாக இருந்தது. மூடினால் ஜெர்மனும் போச்சு, ஐம்பது தாண்டிய வயதில் அவள் வேலையும் போச்சு.

அவளை அரித்தது இன்னொன்று. இலையுதிர் காலத்தில் ஏதோ ஒரு வெயில் காலையில், யாரிடமும் சொல்லாமல், மலைக் கல்லூரித் தலைவர் மணி அடிப்பார். அன்று அங்கே வகுப்பு கிடையாது. எல்லோரும் ஆப்பிள் தோட்டத்து மேட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஊர் வழக்கம் அப்படி.

"வியாழன் மட்டும் வேணாம்னு அந்த மனுசன்கிட்ட கெஞ்சிட்டு வந்தேன், லோயிஸ்."

"என்ன சொன்னாரு?"

"சிரிக்கிறாரு. 'சொல்லிட்டா அப்புறம் அதுல என்னம்மா சுவாரசியம்'ங்கிறாரு."

"சுவாரசியமாம்! அவரு வேலை போனாத் தெரியும்."

வியாழனன்று பாழாய்ப்போன வெயில் பளபளவென்று அடித்தது. அந்த ஆள் மணி அடித்துவிட்டார். மார்லிஸுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். எங்கள் கல்லூரி வகுப்பறையில் டீன்கள் மூவரும் வந்து உட்கார்ந்தபோது, மலைக் கல்லூரித் திரையில் வெறும் நாற்காலிகள். ஆற்றங்கரைத் திரையிலும் அப்படியே. எங்கள் பிள்ளைகளையும் காணோம். மார்லிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது அவள் கைபேசியில் ஒரு செய்தி வந்தது, ஜெர்மனில். எல்லோரும் மேட்டில் இருக்கிறோம், நீங்களும் வாருங்கள்.

"எந்திரிங்க, போகலாம்," என்றாள் டீன்களிடம். அவள் கார்ச் சாவியைப் பிடுங்கி நானே ஓட்டினேன்.

மேட்டில் பிள்ளைகள் தீயில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் மலைக் கல்லூரிப் பிள்ளைகள் மற்ற இரண்டு ஊர்க்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று கல்லூரிப் பிள்ளைகளும் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை. தப்பும் தவறுமாக, விழுந்து விழுந்து சிரித்தபடி, ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"லீவு நாள்ல கூடவாடா ஜெர்மன்?" என்றாள் மார்லிஸ்.

"ஸ்கிரீன்லயும் எங்களுக்குள்ள எப்பவும் அதுதானே, மேடம். இங்கிலீஷ்ல பேசினா யாரோ மாதிரி இருக்கு," என்றான் ஒரு நெட்டையன்.

டீன்கள் உருகிப்போனார்கள். "இதை மூடுறதாவது!" என்றார் மலைக் கல்லூரி டீன். "தெற்கே இன்னும் ரெண்டு காலேஜ் கேட்டுட்டிருக்கு. அவங்களையும் சேத்துக்குவோம். மார்லிஸ் பாத்துக்குவாங்க." ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மார்லிஸ் அவர்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

"சந்தோஷமா இருக்கா?" என்றேன்.

"மூடிருவாங்கன்னு இத்தனை நாளா பயந்து செத்தேன்ல? இப்பதான் தெரியுது, லோயிஸ். மூடிட்டா தூங்கலாம்னு உள்ளுக்குள்ள ஆசையாவும் இருந்திருக்கு."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "முடியாதுன்னு சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு."

அவள் தீயைச் சுற்றி நின்ற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெற்கேன்னா எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றாள்.