கைடு கம்பியில் ஒட்டியிருந்த பொடி

நேற்று அலமாரியைத் துடைத்தபோது தையல் மெஷினின் அட்டாச்மென்ட் டப்பா கிடைத்தது. உள்ளே இருந்தவற்றை எண்ணி வரிசையாக வைத்தேன். என் புத்தி அப்படி. கைடு கம்பியை எடுத்ததும் விரல் நுனியில் வெள்ளிப் பொடி ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டு அழுந்தத் துடைத்து உள்ளே வைத்த கம்பி அது.

பஞ்சு விரிப்பு தைப்பவர்களுக்கு அந்தக் கம்பி தெரியும். மெஷின் பாதத்தின் பக்கத்தில் செருகினால் முந்தைய தையலைத் தடவிக்கொண்டே வரும். அடுத்த கோடு பிசகாது. சாத்தூரில் பாக்கியம் அக்காவின் தையல் கடையில் வேலை பார்த்த நாட்களில், கம்பி இருந்தும் நம்பாமல் அளந்து பார்ப்பேன். "ஏட்டி, மூச்சையும் அளந்துதான் விடுவியா?" என்பார் அக்கா.

அங்கேதான் தாயில்பட்டி செல்வராஜ் வந்தார். பட்டாசுக் கம்பெனி விபத்தில் மனைவி இறந்து ஒரு மாதம். இடுப்பில் நான்கு வயது மகள் ஜெனி. பையில் மனைவி வேலைக்குக் கட்டிப்போன ஆறு சேலைகள். எல்லாம் நூல் சேலை. நைலான் உரசினால் பொறி வரும் என்று கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இதுகள வச்சு ஒரு விரிப்பு தச்சுத் தாங்கக்கா. தண்ணில மட்டும் போட்ராதீக. அம்மா வாசம் இருந்தாத்தான் இவ கண்ண மூடுதா."

சரி என்றேன்.

பையைத் திறந்தால் கந்தக நெடி, கூடவே தேங்காய் எண்ணெய். உதறியபோது பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி பறந்தது. என்னுடையது மோட்டார் மெஷின். ஒரு பொறி போதும். பிள்ளை முகம் வைத்துப் படுக்கப்போகும் துணி வேறு. அன்றைய டைரியில் இருப்பது இவ்வளவுதான்: "சேலை ஆறு. மூன்று முறை அலசினேன்."

அதே கைடு கம்பியைச் செருகித்தான் விரிப்பைத் தைத்து முடித்தேன். விரிப்பு வாங்க வந்த அன்று செல்வராஜ் ஜெனியைக் கட்டிங் மேசையில் உட்கார்த்தி அதைப் போர்த்தினார். முகர்ந்தாள். காலால் தள்ளிவிட்டாள்.

"கழுவுனீகளாக்கா?"

"இல்லையே."

ஜெனி என்னையே பார்த்தாள். பிறகு என் வலது கையை இழுத்து, விரல்களை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள். அன்று காலை சோப்புப் போட்டுக் கழுவிய கை. செல்வராஜ் என் கையைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். அவள் விழிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

பாக்கியம் அக்கா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். செல்வராஜ் உயிரோடு இல்லை. ஜெனி மதுரையில் நர்ஸ். போன வருடம் பார்த்தபோது விரிப்பைப் பற்றிக் கேட்டேன். "எந்த விரிப்பு அத்தே?" என்றாள். அம்மா முகம்கூட ஞாபகமில்லையாம்.

அவளைக் கூப்பிட்டு விரலை நீட்டலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வலது கையை இன்னும் கழுவவில்லை.